குளிர் பிளாஸ்மா: வைரஸைக் கொல்வதா, வைரஸ் ஒளிந்த செல்லைக் காட்டிக்கொடுப்பதா?

சென்னையில் முதுநிலை உயிரித்தொழில்நுட்பம் படிக்கும் ஒருவர் கேட்டிருப்பது பார்வைக்கு ஒரு கேள்விதான், உள்ளே மூன்று இருக்கின்றன. குளிர் பிளாஸ்மாவை, அதாவது மின்சாரத்தால் அயனியாக்கிய ஆனால் சுடாத வாயுவைக் காட்டினால் வைரஸுக்கு எதிராக உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்ட முடியுமா என்பது முதலாவது. கல்லூரி லேபில் ஆறு மாத புராஜெக்டாக அதைச் செய்து பார்க்கலாமா என்பது இரண்டாவது. எச்.ஐ.வி.க்கு மாத்திரை சாப்பிட்டு வரும் அவருடைய மாமா ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு, மாத்திரையை விட்டுவிட்டு இந்தச் சிகிச்சைக்குப் போகலாமா என்று கேட்கிறாராம். அது மூன்றாவது. கடைசியிலிருந்து தொடங்குகிறேன். மற்ற இரண்டும் காத்திருக்கும், அது காத்திருக்காது.

மாத்திரையை நிறுத்தக் கூடாது. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை. ஏ.ஆர்.டி. மருந்துகள் வைரஸ் பெருகுவதைத் தடுக்கின்றன. ஆனால் சிடி4 எனும் எதிர்ப்பாற்றல் நினைவுச் செல்களின் டி.என்.ஏ.வுக்குள் தன்னைச் செருகிக்கொண்டு உறங்கும் வைரஸை அவை தொடுவதில்லை. மருந்தை விட்டால் பெரும்பாலானவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் ரத்தத்தில் வைரஸ் மறுபடி தலைகாட்டிவிடும். இடைவெளி விட்டு மருந்து சாப்பிட்டால் என்ன ஆகும் என்று 5472 பேரிடம் சோதித்த ‘ஸ்மார்ட்’ ஆய்வின் முடிவு 2006இல் வந்தது. இடையில் நிறுத்தியவர்களிடம் மரணமும் சந்தர்ப்பவாதத் தொற்றும் (எதிர்ப்பாற்றல் குறைந்த நேரம் பார்த்துத் தாக்கும் நோய்கள்) சேர்ந்து இரண்டரை மடங்குக்கு மேல் இருந்தன. 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டுபிடித்தவர்கள் நம் சென்னை மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும். அன்றைக்கு மருத்துவர் கையில் இதற்கென ஒரு மருந்தும் கிடையாது. இன்றைக்கு அரசு ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை இலவசம். மாமாவிடம் இதைச் சொல்லுங்கள்.

அவருக்கு வந்த குழப்பத்தில் பாதி, பெயரால் வந்தது. 2020 ஜூலையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் தொடங்கப்பட்ட ‘பிளாஸ்மா வங்கி’ ரத்தத்தின் திரவப் பகுதியைச் சேமித்த இடம். கொரோனாவிலிருந்து மீண்டவரின் எதிர்ப்புரதங்களை நோயாளிக்கு ஏற்றுவது அதன் நோக்கம். ஐ.சி.எம்.ஆர். 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் நடத்திய பிளாசிட் ஆய்வில் அதனால் இறப்பு குறையவில்லை என்று தெரிந்தது, 2021 மே மாதம் சிகிச்சை வழிகாட்டியிலிருந்தே அது நீக்கப்பட்டது. தோல் கிளினிக்குகளில் முடி வளரப் போடும் பி.ஆர்.பி. ஊசியும் ரத்த பிளாஸ்மாதான். நீங்கள் கேட்பதற்கும் ரத்தத்துக்கும் சம்பந்தம் இல்லை. இது மின்சாரத்தால் அயனியாக்கப்பட்ட வாயு. அதற்கு 1928இல் பிளாஸ்மா என்று பெயர் வைத்தவர் இர்விங் லாங்மியூர். அழகு நிலையங்களில் ‘பிளாஸ்மா பேனா’ என்று விற்பதும் வாயு பிளாஸ்மாதான், ஆனால் அது தோலைப் பொறியால் சுட்டுக் கருக்கும் கருவி. குளிர் பிளாஸ்மா சுடக் கூடாது. சுட்டால் அது செய்த வேலை பிளாஸ்மாவின் வேலையா, சூட்டின் வேலையா என்றே பிரித்துச் சொல்ல முடியாமல் போய்விடும்.

அதெப்படி வாயு அயனியாகியும் சூடாகாமல் இருக்கும்? எலெக்ட்ரானைவிட ஆர்கான் அணு சுமார் 73,000 மடங்கு கனம். கோலிக்குண்டு லாரியில் மோதுவதுபோல, எலெக்ட்ரான் எத்தனை வேகமாக வந்து இடித்தாலும் அணு அசைவதில்லை. அதனால் எலெக்ட்ரான்கள் 10,000 டிகிரியைத் தாண்டியிருக்கும்போதே வாயு கைச்சூட்டில் நிற்கும். மின்துடிப்பு குறுகியதாக இருந்தால், அல்லது எலெக்ட்ரோடுக்கு நடுவில் கண்ணாடி, செராமிக் போன்ற ஒரு தடை இருந்தால், சூடு ஏறும் முன்பே மின்னோட்டம் அறுந்துவிடும். தடை வைத்த அமைப்பை டி.பி.டி. என்கிறார்கள். ஓசோன் தயாரிக்க 1857இலேயே சீமென்ஸ் வடிவமைத்த ஏற்பாடு அது. இன்னொன்று, குழாய் வழியே ஆர்கான் அல்லது ஹீலியத்தை ஊதி ஊதாச் சுடர் போல வெளியே நீட்டும் ஜெட். ஜெர்மனியில் கின்பென் மெட் என்ற ஆர்கான் ஜெட்டுக்கு 2013 முதல் ஆறாத புண்ணுக்கான மருத்துவக் கருவி என்ற சான்று இருக்கிறது. வைரஸ் சிகிச்சைக் கருவி என்று அல்ல.

இந்தச் சுடர் ஈரமான பரப்பைத் தொடும்போது ஹைட்ராக்சில், அணு ஆக்சிஜன், சூப்பராக்சைடு, நைட்ரிக் ஆக்சைடு, ஓசோன், ஹைட்ரஜன் பெராக்சைடு எல்லாம் ஒரே நேரத்தில் உருவாகின்றன. கொஞ்சம் புற ஊதாக் கதிரும் மின்புலமும் கூட வரும். வைரஸின் புரத உறையையும் கொழுப்பு உறையையும் இவை சிதைக்கும். இது உறுதியான செய்தி. 2020இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் பிளாஸ்டிக், உலோகம், பதனிட்ட தோல், அட்டை ஆகியவற்றின் மேல் தடவிய கொரோனா வைரஸை ஆர்கான் பிளாஸ்மா மூன்று நிமிடத்துக்குள் செயலிழக்க வைத்தது. ஆனால் அது கிருமிநீக்கம், பினாயில் செய்யும் வேலைதான். உடலுக்குள் வைரஸ் இருப்பது செல்லுக்குள்ளே. வைரஸைச் சிதைக்கும் அளவுக்குப் பிளாஸ்மாவை ஏற்றினால் செல்லும் சேர்ந்து போகும். நேரடியாகக் கொல்லும் வழி அங்கேயே முட்டி நின்றுவிடுகிறது.

அதனால்தான் எதிர்ப்பாற்றல் பக்கம் திரும்பினார்கள். ஒரு செல் இரண்டு விதமாகச் சாகலாம்: சத்தமில்லாமல், அல்லது ஊரைக் கூட்டிவிட்டு. இரண்டாவது வகைச் சாவில் மூன்று அடையாளங்கள் தெரியும். வழக்கமாகச் செல்லுக்குள் எண்டோபிளாச வலையில் இருக்கும் கால்ரெட்டிகுலின் வெளிச்சவ்வுக்கு வந்து, விழுங்கு செல்களுக்கு ‘என்னைத் தின்னு’ என்று காட்டும். ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு வெளியே கசிந்து அவற்றை அந்த இடத்துக்கு வரவழைக்கும். எச்.எம்.ஜி.பி.1 என்ற புரதம் உட்கருவிலிருந்து வெளியேறி அவற்றை விழிக்க வைக்கும். விழித்த டென்ட்ரைட்டிக் செல் (விழுங்கு செல்களில் ஒரு வகை), செத்த செல்லின் துண்டுகளை எடுத்துக்கொண்டு நிணநீர்க் கணுவுக்குப் போய், வைரஸ் புகுந்த செல்லைத் தேடிக் கொல்லும் டி-செல்லுக்குப் பாடம் நடத்தும். அளவாகக் கொடுத்த பிளாஸ்மா இந்த மூன்று அடையாளங்களையும் கொண்டுவரும் என்பது முதலில் புற்றுச்செல்களில் தெரிந்தது. 2019இல் வெளியான ஒரு மெலனோமா (தோல் புற்று) ஆய்வு இதைவிட முக்கியமான ஒன்றைக் காட்டியது: வேலையைச் செய்வது பாட்டிலில் பிடித்து வைக்கக்கூடிய பெராக்சைடும் நைட்ரைட்டும் அல்ல, நானோ வினாடி முதல் மில்லி வினாடி வரை மட்டுமே வாழும் குறுகிய ஆயுள் மூலக்கூறுகள்தான். ‘பிளாஸ்மா ஏற்றிய தண்ணீர்’ குடித்தால் எதிர்ப்பு சக்தி கூடும் என்று யாராவது விற்றால், இந்த ஒரு காரணமே அதை ஒதுக்கப் போதும்.

வைரஸ் பக்கம் வந்தால், உங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான வேலை பிலடெல்பியாவின் டிரெக்செல் பல்கலைக்கழகத்தில் வந்தனா மில்லர், ஃப்ரெட் கிரெப்ஸ் குழு ஜே-லாட் செல்களில் செய்தது. ஜே-லாட் என்பது, லேபில் வளர்க்கும் ஜர்காட் என்ற டி-செல்லிலிருந்து வந்த வகை. அதன் டி.என்.ஏ.வில் ஒரு எச்.ஐ.வி. உறங்குகிறது, எழுந்தால் பச்சையாக ஒளிரும், உறை மரபணு பழுதாக்கப்பட்டிருப்பதால் வேறு செல்லுக்குப் பரவாது. இவற்றின் மேல் பிளாஸ்மா காட்டியபோது உறங்கிய வைரஸ் மரபணு செயல்பட ஆரம்பித்தது, கால்ரெட்டிகுலினும், உள்ளே இருக்கும் புரதத் துண்டுகளை வெளியே காட்டும் எம்.எச்.சி. 1-உம் வெளிச்சவ்வில் கூடின, விழுங்கு செல்கள் அவற்றை அதிகமாக விழுங்கின. 2021இல் வெளிவந்த இந்த முடிவு அழகானது என்றே சொல்வேன். இதற்கு முன் ‘எழுப்பிக் கொல்’ என்ற உத்தியில் வொரினோஸ்டாட் போன்ற மருந்துகள் வைரஸை எழுப்பின, ஆனால் எழுந்த செல்லை யாரும் கொல்லவில்லை. பிளாஸ்மா எழுப்புவதோடு அந்தச் செல்லைக் காட்டியும் கொடுக்கிறது என்பதுதான் இதில் உள்ள புது நம்பிக்கை.

சந்தேகமும் அதே இடத்தில்தான் தொடங்குகிறது. ஜே-லாட் கிண்ணத்தில் ஒவ்வொரு செல்லிலும் வைரஸ் இருக்கிறது. மருந்து சாப்பிடும் மனிதரின் உடலில், மறுபடி பெருகும் திறனுள்ள வைரஸைச் சுமக்கும் செல் ஓய்வுநிலை சிடி4 செல்களில் பத்து லட்சத்தில் ஒன்று என்ற கணக்கில்தான் இருக்கும். ரத்தத்தை எடுத்து, வெளியே பிளாஸ்மா காட்டி, தடுப்பூசிபோலத் திருப்பி ஏற்றுவது என்ற யோசனையில், பாடம் நடத்தத் தேவையான வைரஸ் புரதம் அத்தனை குறைவான செல்களிலிருந்து கிடைக்குமா? இதைத் தாண்டாமல் மனிதருக்கு வர முடியாது. உடலில் நேரடியாகக் காட்டுவது இன்னும் கடினம். குறுகிய ஆயுள் மூலக்கூறுகள் தோலின் மேலடுக்கைத் தாண்டுவதே பெரும்பாடு, வைரஸ் உறங்குவதோ நிணநீர்க் கணுவிலும் குடல் சுவரிலும். இரண்டு உயிர்வேதியியல் சிக்கல்களும் உண்டு. ஆக்சிஜனேற்ற அழுத்தம், மரபணுக்களை இயக்கும் என்.எஃப். கப்பா பி என்ற புரதத்தின் வழியாக எச்.ஐ.வி.யின் சுவிட்சைப் போடும், ஆகவே எழுப்பிவிட்டுக் கொல்லாமல் விட்டால் கெடுதல்தான். ஏற்கெனவே ஆக்சிஜனேற்றம் ஆன எச்.எம்.ஜி.பி.1 எதிர்ப்பாற்றலைத் தூண்டும் திறனை இழக்கிறது. பிளாஸ்மா என்பதே ஆக்சிஜனேற்றக் கருவி. அழைப்பு மணியை அடித்த கையே மணியை உடைத்துவிடலாம். ஆகவே இந்தத் துறையில் டோஸ்தான் எல்லாமே: குறைவாகக் கொடுத்தால் செல் சமாளித்துத் தன் காப்பரண்களைக் கூட்டிக்கொள்ளும், நடுவில் ஒரு குறுகிய இடைவெளியில்தான் நாம் விரும்பும் சாவு நேரும், அதிகமானால் செல் வெந்த மாதிரி வெடித்து வெறும் வீக்கம் மிஞ்சும்.

மனிதரில் இதுவரை கை எட்டியிருப்பது தோலில் வரும் வைரஸ் நோய்களை மட்டும். அக்கிக்கு ஜெர்மனியில் ஆர்கான் பிளாஸ்மாவையும் வெறும் ஆர்கான் ஊதலையும் ஒப்பிட்ட ஒரு ஆய்வில் வலி குறைந்தது, ஆனால் கலந்துகொண்டவர்கள் 40 பேர்கூட இல்லை. நம் ஊரில் குயவரிடம் போய்க் காவி பூசி ‘அக்கி எழுதும்’ வழக்கம் இன்றும் இருக்கிறது. அக்கி பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரத்தில் தானாகவே காய்ந்துவிடும் நோய், ஆகவே எதைப் பூசினாலும் அது கேட்ட மாதிரியே தெரியும். பிளாஸ்மாவை மதிப்பிடும்போதும் இதே கண்ணி இருக்கிறது. அசைக்ளோவிர் 800 மில்லிகிராம், நாளைக்கு ஐந்து முறை, ஏழு நாள் என்ற சிகிச்சை, கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும் (சிறுநீரகப் பழுது உள்ளவர்களுக்கு மருத்துவர் அளவைக் குறைப்பார்). அந்த மூன்று நாளை வேறு எதற்காகவும் செலவழிக்கக் கூடாது. நெற்றியிலோ மூக்கு நுனியிலோ வந்தால் அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும், எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் பார்ப்பார்கள். மருவுக்கும் சிறு நோயாளிக் கூட்டங்களில் பிளாஸ்மா காட்டி மறைந்ததாகப் பதிவுகள் உண்டு, ஆனால் குழந்தைகளின் மருவில் மூன்றில் இரண்டு பங்கு இரண்டு ஆண்டுகளில் தானாகவே போய்விடும். மருவில் எதிர்ப்பாற்றல் சிகிச்சை என்ற எண்ணம் புதிதல்ல. எம்.எம்.ஆர். தடுப்பூசியை ஒரு மருவுக்குள் போட்டால் தொடாத மற்ற மருக்களும் உதிர்வதை நம் தோல் மருத்துவர்கள் பார்த்திருக்கிறார்கள். பிளாஸ்மாவுக்கும் அதுதான் உரைகல். கை வைக்காத மருவும் சேர்ந்து மறைந்தால் எதிர்ப்பாற்றல் விழித்தது என்று எடுத்துக்கொள்ளலாம், காட்டிய மரு மட்டும் போனால் அது அந்த இடத்தை வெறுமனே அரித்தெடுத்ததுதான்.

இனி உங்கள் புராஜெக்ட். எச்.ஐ.வி. வேண்டாம், ஆறு மாதத்தில் உயிரிப் பாதுகாப்பு (பயோசேஃப்டி) அனுமதி வாங்கியே முடியாது. ‘பிளாஸ்மா பட்ட ஜர்காட் செல் எந்த டோஸில் காட்டிக்கொடுக்கப்படுகிறது’ என்ற கேள்வியோடு நின்றால் நேர்மையான வேலை வரும். கருவிக்கு ரிச்சி தெருவில் கிடைக்கும் ஃப்ளைபேக் போர்டை (உயர் மின்னழுத்தம் தரும் மின்சுற்று) வாங்கிக் கட்டலாம் என்று தோன்றும். கட்டலாம், ஆனால் மின்பொறியியல் துறையில் ஒருவரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் கிலோவோல்ட்டில் ஒரு தவறுக்கு மேல் வாய்ப்பு கிடைக்காது. டி.பி.டி.க்கு 1 மி.மீ. குவார்ட்ஸ் அல்லது அலுமினாத் தகடு போடுங்கள். மைக்ரோஸ்கோப் ஸ்லைடு சில நிமிடங்களில் ஒரு இடத்தில் சூடேறி விரிசல் விடும். இடைவெளி 1 முதல் 2 மி.மீ. இருக்கட்டும். காற்று மில்லிமீட்டருக்கு 3 கிலோவோல்ட் அளவில் முறியும், தடைத் தகட்டில் இறங்கும் மின்னழுத்தத்தையும் அதனுடன் கூட்டிக்கொள்ளுங்கள். செம்பு எலெக்ட்ரோடின் ஓரங்களை எபாக்சியால் மூடாவிட்டால் வேலை நடக்க வேண்டிய நடுப்பகுதியை விட்டு ஓரத்தில் பொறி பறக்கும். ஓசோன் வாசனை வந்தாலே அளவு கூடுகிறது என்று பொருள், எட்டு மணி நேர வரம்பே பத்து லட்சத்தில் 0.1 பங்குதான். ஏ.சி. அறையில் கதவை மூடிக்கொண்டு ஓட்டாதீர்கள்.

டோஸை ‘30 வினாடி’ என்று மட்டும் எழுதினால் அந்த ஆய்வை இன்னொருவர் திரும்பச் செய்ய முடியாது. தரைப் பக்கக் கம்பியில் 10 நானோஃபாரட் கண்டன்சர் ஒன்றைத் தொடராக இணைத்து, அதன் மின்னழுத்தத்தை ஒரு அச்சிலும், ஆயிரத்துக்கு ஒன்று ஹைவோல்ட்டேஜ் புரோபின் அளவை மறு அச்சிலும் அசிலோஸ்கோப்பில் வரையுங்கள். கிடைக்கும் சாய்வான நாற்கரத்தின் பரப்பைக் கண்டன்சரின் கொள்ளளவால் பெருக்கினால் வருவது, ஒரு சுற்றில் செலவான ஆற்றல். அது 0.1 மில்லிஜூல், அதிர்வெண் 10 கிலோஹெர்ட்ஸ் என்றால் 1 வாட். 1 சதுர செ.மீ.க்கு 10 வினாடி காட்டினால் 10 ஜூல். வெப்பநிலையைச் சாதாரண தெர்மோகப்பிளால் சுடருக்குள் அளக்காதீர்கள், மின்னிரைச்சலில் பொய் எண் காட்டும். பிளாஸ்மாவை அணைத்த உடனே திரவத்தில் அளவெடுங்கள்.

ஜெட் என்றால் ஆர்கானின் தூய்மைதான் முதல் சண்டை. வெல்டிங் கடை சிலிண்டரில் உள்ள ஈரமும் ஆக்சிஜனும் நாளுக்கு நாள் மாறும், 99.999 சதவீதம் என்று கேட்டு வாங்குங்கள். குழாயும் அப்படியே: சிலிக்கோன் குழாய் வெளிக்காற்றின் ஈரத்தை உள்ளே விடும், ஈரம் கூடினால் பெராக்சைடு கூடும். ஸ்டீல் அல்லது டெஃப்லான் குழாய் போட்டு, வேலைக்கு முன் 20, 30 நிமிடம் வாயுவை ஓடவிட்டு உலர்த்துங்கள். சென்னையில் இதற்குத் தனி கவனம் வேண்டும். திறந்த காற்றில் ஓடும் டி.பி.டி.யில் ஈரப்பதம் ஏற ஏற ஓசோன் குறையும், தகட்டின் மேல் ஈரப்படலம் படிந்து மின்னிறக்கமும் மாறும். ஐப்பசி மழையில் வந்த முடிவு பங்குனி வெயிலில் திரும்ப வராவிட்டால் செல்லைக் குறை சொல்லாதீர்கள். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஈரப்பதத்தையும் அறை வெப்பத்தையும் நோட்டில் எழுதுங்கள். பிளேட்டுக்கு அடியில் ஸ்டீல் மேடையா, தெர்மாகோலா என்பதுகூடச் சுடரின் வலிமையை மாற்றும். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதையே கடைசிவரை வைத்திருங்கள். கேபினட்டின் காற்றோட்டமும் சுடரை வளைக்கும்.

மீடியத்தில்தான், அதாவது செல்லை வளர்க்கும் ஊட்டத் திரவத்தில்தான் அதிகம் பேர் தோற்கிறார்கள். டி.எம்.இ.எம். வகைகள் பலவற்றில் இருக்கும் பைருவேட் பெராக்சைடைத் தின்றுவிடும், அங்கே ‘பிளாஸ்மா பாதுகாப்பானது’ என்று பொய் முடிவு வரும். ஜர்காட்டுக்கு வழக்கமான ஆர்.பி.எம்.ஐ. 1640இல் பைருவேட் இல்லை, சேர்க்காமலே வைத்துக்கொள்ளுங்கள். சீரமும் பல மூலக்கூறுகளைப் பிடித்து வைக்கும், அதன் சதவீதத்தை மாற்றாதீர்கள். 24 குழிப் பிளேட்டில் குழிக்கு அரை மில்லி, மில்லிக்கு 10 லட்சம் செல், முனையிலிருந்து திரவத்துக்கு 8 முதல் 10 மி.மீ., நேரம் 10, 30, 60, 120 வினாடி என்று தொடங்கலாம். வாயு ஊதல் திரவத்தை ஆவியாக்கும். முன்னும் பின்னும் பிளேட்டை எடைபோட்டு, குறைந்ததை நீரால் ஈடுகட்டாவிட்டால் உப்பு அடர்த்தி கூடியே செல் சாகும், பழி பிளாஸ்மாவின் மேல் விழும். ஒப்பீட்டுக் குழிகள்: எதுவும் செய்யாதது, மின்சாரமில்லாமல் வாயு மட்டும், பிளாஸ்மாவோடு கேட்டலேஸ் (பெராக்சைடைச் சிதைக்கும் நொதி), பிளாஸ்மாவில் அளந்த அதே அடர்த்திக்கு வெறும் பெராக்சைடு. கடைசி இரண்டும் இல்லாமல் போனால் நீங்கள் மருந்துக்கடை பெராக்சைடை விலையுயர்ந்த வழியில் தயாரித்தீர்களா என்ற கேள்விக்கு வைவாவில் பதில் இருக்காது.

கால்ரெட்டிகுலினை ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களை ஒவ்வொன்றாக லேசர் முன் ஓடவிட்டு அளக்கும் முறை) அளக்கும்போது சவ்வு கிழிந்த செல்களைச் சாவுச் சாயம் வைத்துக் கட்டாயம் ஒதுக்குங்கள். கிழிந்த செல்லுக்குள் ஆன்டிபாடி நுழைந்து உள்ளே இருக்கும் கால்ரெட்டிகுலினையே நிறமேற்றிவிடும், எல்லாம் வெற்றிபோலத் தெரியும். நிச்சயம் தூண்டும் ஒப்பீட்டுக்கு டாக்சோரூபிசின் போடலாம், ஆனால் அதுவே சிவப்பாக ஒளிரும் என்பதால் புரோப்பிடியம் அயோடைடு என்ற சாவுச் சாயத்தோடு குழம்பும், வேறு சாயம் எடுங்கள். சிஸ்பிளாட்டின் செல்லைக் கொல்லும், கால்ரெட்டிகுலினை வெளியே கொண்டுவராது. அது நல்ல எதிர் ஒப்பீடு. ஏ.டி.பி.யை, அது பட்டால் ஒளிரவைக்கும் லூசிஃபெரேஸ் நொதியால் முதல் சில மணி நேரத்துக்குள் அளக்க வேண்டும், வெளியே வந்த ஏ.டி.பி. சீக்கிரம் சிதைந்துவிடும். எச்.எம்.ஜி.பி.1-ஐ அளக்கும் எலிசா சோதனைக்கு 24 மணி நேரம் காத்திருங்கள். விழுங்கலைப் பார்க்க, பி.எம்.ஏ. என்ற வேதிப்பொருள் போட்டு விழுங்கு செல்லாக முதிரவைத்த டி.எச்.பி.-1 செல்கள் போதும், சாயமிட்ட ஜர்காட்டை அவற்றோடு சேர்த்து, ஒரு தொகுதியை 37 டிகிரியிலும் இன்னொன்றை 4 டிகிரியிலும் வையுங்கள். குளிரில் தெரிவது ஒட்டிக்கொண்டது, விழுங்கியது அல்ல.

கருவி ஓடுகிறது என்பதற்காக நண்பர் கையில் இருக்கும் மருவிலோ, உங்கள் விரலிலோ காட்டிப் பார்க்காதீர்கள். மனிதரிடம் செய்யும் ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், முதல் ஆளைச் சேர்க்கும் முன்பே சி.டி.ஆர்.ஐ. என்ற மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் பதிவும் வேண்டும். கருவிக்கு 2017 மருத்துவக் கருவி விதிகள் பொருந்தும், கசிவு மின்னோட்டத்தைக்கூட அளக்காத ரிச்சி தெரு போர்டு அதன் அருகில் வராது. முதல் மாதம் செல்லே வேண்டாம், வெறும் மீடியத்தில் பெராக்சைடு, நைட்ரைட், பி.எச்., எடையிழப்பு ஆகியவற்றை வேறு வேறு நாட்களில் அளந்து, எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவரும் வரை அங்கேயே நில்லுங்கள். இரண்டாவது மாதம், மைக்கோபிளாஸ்மா (செல் வளர்ப்பில் புகுந்துவிடும் பாக்டீரியா) இல்லை என்று சோதித்த ஜர்காட்டில் எந்த டோஸில் எத்தனை செல் சாகிறது என்ற சாவு வளைவு. மூன்றும் நான்கும் கால்ரெட்டிகுலின், ஏ.டி.பி. ஐந்தாவது மாதம் டி.எச்.பி.-1. ஃப்ளோ சைட்டோமீட்டர் நேரத்தை இப்போதே பதிவு செய்துவிடுங்கள், தேர்வுக் காலம் நெருங்கினால் எல்லாத் துறையும் ஒரே இயந்திரத்துக்கு வரிசையில் நிற்கும்.